இரண்டு இரும்புகளுக்கு நடுவே ஒரு காகிதம்

தஞ்சை மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் வயல் வரப்பின்மீது முன்னால் ஒரு நெல் மூட்டை, பின்னால் ஒரு நெல் மூட்டையுடன் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்து வரும் மொபெட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50-உம் அதன் வழிவந்த வண்டிகளும் இங்கே மாட்டு வண்டியின் வேலையைப் பாதி எடுத்துக்கொண்டன. 2015-இல் நான்கு வீச்சு எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்த பிறகும், பழைய இரு வீச்சு வண்டிகள் கிராமங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தோளில் மாட்டிக்கொள்ளும் மருந்து தெளிப்பானிலும் புல்வெட்டும் கருவியிலும் இருப்பவை பெரும்பாலும் இரு வீச்சு எஞ்சின்களே.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள என் தாய்மாமாவிடம் அப்படி ஒரு பழைய மொபெட் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், அதன் எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன் வளையம் மாற்றி நானே பூட்டினேன். உருளையின் அடியில் வைக்கவேண்டிய பேக்கிங் கிழிந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, வீட்டிலிருந்த கல்யாணப் பத்திரிகையின் அட்டையை வெட்டி வைத்தேன். "மாப்ளே, பிசிக்ஸ் வாத்தியார் பூட்டின வண்டி, நிக்கவே நிக்காது" என்றார் மாமா. நான்காம் நாள், களத்தில் நெல் குவிந்து கிடக்க, வானமும் மூடிக்கொண்டு வர, இரண்டு மூட்டைகளுடன் வண்டி வாய்க்கால் கரையிலேயே நின்றது. பிஸ்டன் உருளைக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓர் அட்டைத் துண்டு எப்படி ஓர் எஞ்சினைக் கெடுக்கும்?

உலோகப் பரப்பு எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரண்டு பரப்புகளை அழுத்தி வைத்தால் மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். பள்ளங்கள் வழியே வாயு தப்பிவிடும். அந்தப் பள்ளங்களில் பிதுங்கிப் புகுந்து அடைக்கும் அளவுக்கு மென்மையும், பிய்ந்து போகாத வலிமையும் உள்ள பொருளே கேஸ்கட். பட்டறையில் 'பேக்கிங்' என்றால்தான் புரியும்.

இரு வீச்சு எஞ்சினில் இதற்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. 1880-களின் இறுதியில் ஜோசப் டே என்ற ஆங்கிலேயப் பொறியாளர், எஞ்சினின் அடிப்பெட்டியையே ஒரு காற்றுப் பம்பாகப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். பிஸ்டன் மேலே போகும்போது பெட்டிக்குள் அழுத்தம் குறைகிறது. பெட்ரோல், எண்ணெய், காற்றுக் கலவை கார்புரேட்டர் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை சற்று அமுக்கப்பட்டு மேலே உருளைக்குப் பாய்கிறது. அடிப் பேக்கிங்கில் மயிரிழை அளவு வழி இருந்தாலும், இழுக்கும் வீச்சில் அதன் வழியே வெறும் காற்று புகும். அந்தக் காற்றோடு பெட்ரோல் வராது. இந்த எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயும் பெட்ரோலில்தான் கலந்திருக்கிறது. ஆகவே கலவையில் எரிபொருளும் குறைகிறது, உயவும் குறைகிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

இனி விரிவுக் கெழுவைப் பாருங்கள். அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்பு உருளையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 46 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் வெப்பநிலை வழக்கத்தைவிட 100 டிகிரி கூடினால், அதன் விட்டம் 0.1 மி.மீ. பெருகும், உருளையோ 0.05 மி.மீ.தான் பெருகும். இடையில் இருக்கும் இடைவெளியே மி.மீட்டரில் நூறில் சில பங்குகள். பிறகு பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாகவே வேகமெடுப்பது, பிளக்கின் முனை வெளுத்திருப்பது, உருளையின் அடியில் எண்ணெய் கசிந்து கறுத்திருப்பது ஆகியவை முன்னறிவிப்புகள். மாமாவின் வண்டி இரண்டு நாளாக உறுமிக்கொண்டிருந்ததை நாங்கள் 'நல்ல இழுப்பு' என்று மகிழ்ந்தோம்!

அடுத்தது மேல்மூடிப் பேக்கிங். அதே 46 மி.மீ. உருளையின் குறுக்குப் பரப்பு 16.6 சதுர செ.மீ. எரியும்போது ஒரு சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தம் என்று கொண்டால், மூடியைத் தூக்கப் பார்க்கும் விசை ஏறக்குறைய 500 கிலோ. நெல் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பங்கள் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்! அந்த விசையைத் தாங்குபவை நான்கு ஸ்டட்கள். 6 மி.மீ. தடிமனும் 80 மி.மீ. நீளமும் உள்ள எஃகு ஸ்டட்டை 500 கிலோ இழுவிசைக்கு இறுக்கினால், அது சுமார் 0.1 மி.மீ. நீளும். ஸ்டட் என்பது இழுத்துவிட்ட ஒரு சுருள்வில் என்றே கருதலாம். பேக்கிங் சூட்டில் கருகி 0.05 மி.மீ. ஒடுங்கினால், பிடிப்பில் பாதி பறிபோய்விடும். பத்திரிகை அட்டையின் பளபளப்பு களிமண் பூச்சு. உள்ளே வெறும் மரக்கூழ். அது எண்ணெயில் ஊறும், சூட்டில் ஒடுங்கும். பேக்கிங் தாளோ பசையும் கிளிசரினும் ஊட்டிய நார். அல்லது செயற்கை நாரை ரப்பருடன் சேர்த்து அழுத்தியது.

கடையில் வாங்கும்போது அச்சிட்ட உறையைப் பார்த்து மயங்கவேண்டாம். துளைகள் உருளையின் வழிகளோடு சரியாகப் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். வழியின் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் நாளடைவில் பிய்ந்து உள்ளே போகும். தடிமனைத் திருகு அளவியால் அளந்து, பழைய பேக்கிங்கின் சிதையாத பகுதியோடு ஒப்பிடுங்கள் (பழையது நசுங்கியிருக்கும், அதற்குச் சற்று இடம் கொடுக்கவேண்டும்). அரை மி.மீ. கூடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 42 மி.மீ. வீச்சும் 9 என்ற அமுக்க விகிதமும் இருந்தால், மேல்மூடியில் அந்த அரை மி.மீ. விகிதத்தை 8.3-ஆக இறக்கிவிடும். அடிப் பேக்கிங்கில் கூடினால் உருளையே உயர்ந்து, புகைவழி முன்கூட்டியே திறக்கும். சேற்றில் மெதுவாக இழுக்கவேண்டிய வண்டிக்கு அது ஆகாது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். பேக்கிங் தாளில் ஒரு துண்டை அளந்து, மூடியுள்ள சீசாவில் பெட்ரோலில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் அளந்து, வளைத்தும் பாருங்கள். உப்பினாலோ இழை பிரிந்தாலோ அது வேண்டாம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் வகைகள் சில அதைத் தாங்குவதில்லை. அடுப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

செம்புப் பேக்கிங் கிடைத்தால் மேல்மூடிக்கு நல்லது. ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடும். மங்கிய சிவப்பாகக் காய்ச்சி நீரில் போட்டால் மீண்டும் மெதுவாகும். எஃகு இதற்கு நேர்மாறு என்பது நினைவிருக்கட்டும். மிகப் பழைய எஞ்சின்களின் பேக்கிங்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கலாம். அதன் தூள் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். உலர்ந்தபடி சுரண்டவோ ஊதவோ கூடாது; நனைத்து எடுக்கவேண்டும்.

அடைப்புப் பொருள் தன் மீள்தன்மையை இழந்தால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒருமுறை பார்த்தது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் ஏழு பேருடன் சிதறியது, ராக்கெட் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போனதால்தான். விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபெயின்மன் என்ற இயற்பியல் அறிஞர், அந்த ரப்பர்த் துண்டைப் பிடிகருவியில் நெருக்கிப் பனிநீரில் முக்கி எடுத்து, அது பழைய வடிவுக்கு உடனே மீளாததை எல்லார் முன்னும் காட்டினார்.

மாமாவின் வண்டிக்குப் புதுப் பிஸ்டன் போட்டோம், உருளையைக் கடைந்தோம். கண்ணாடித் தகட்டின்மேல் எமரித் தாளை விரித்து, மூடியை எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கினேன். மரைகளைக் குறுக்கு மறுக்காக, மூன்று தவணையில் இறுக்கினேன். பிறகு கார்புரேட்டர் வழியையும் புகைவழியையும் ரப்பர் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் குழாயைப் பொருத்தினேன். முள் வைத்த கருவி. பாதரசக் கருவி இதற்கு வேண்டாம். 250 மி.மீ. வரை காற்றடித்தால் போதும். சைக்கிள் பம்பு வைத்தால் எண்ணெய் சீல்கள் பிதுங்கிவிடும். ஐந்து நிமிடம் முள் அசையாமல் நிற்கவேண்டும். எங்களுக்கு இரண்டே நிமிடத்தில் இறங்கிற்று. சோப்பு நீரைத் தடவிப் பார்த்ததில், புதுப் பேக்கிங்கில் அல்ல, காந்தச் சக்கரத்துப் பக்கத்து எண்ணெய் சீலில் குமிழிகள் வந்தன. அதையும் மாற்றினோம். முதல் நாள் ஓட்டி, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மரைகளை மறுபடியும் பார்த்தேன். நான்கும் கால் திருப்பம் உள்ளே போயின.