விருதுப் பருவமும் சந்தைக் காலமும்

திரைப்பட விருதுகள் பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் விருது யாருக்குக் கிடைத்தது, அது தகுமா என்ற வினாக்களுடன் நின்றுவிடுகின்றன. விழா எப்பொழுது நடத்தப்படுகிறது, அந்நாளைத் தெரிந்தெடுப்பவர் யாவர் என்ற வினா அருகியே எழுப்பப்படுகிறது. நாட்காட்டி நடுநிலையான ஒன்று என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயின், காலத்தைப் பகுத்து ஒழுங்குசெய்யும் அதிகாரம் எந்தச் சமுதாயத்திலும் நடுநிலையாக இருந்ததில்லை. ஹொலிவூட், இந்தியா, இலங்கை ஆகிய மூன்று களங்களில் விருது விழாக்களின் காலவொழுங்கு எவ்வாறு அமைகிறது என்பதையும், அது எதனை நினைவில் நிறுத்துகிறது, எதனை மறக்கச் செய்கிறது என்பதையும் இங்கு நோக்குவோம்.

முதலாவது ஒஸ்கார் விழா 1929 மே 16 ஆம் திகதி ஹொலிவூட்டிலுள்ள ரூஸ்வெல்ற் ஹோட்டலில் நடைபெற்றது. 1927 ஓகஸ்ட் முதல் 1928 யூலை வரை வெளிவந்த படங்களே கருத்திற் கொள்ளப்பட்டன. விருது பெறுவோரின் பெயர்கள் மூன்று மாதங்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தன. பரிசளிப்பு ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடிவுற்றது. அன்று அது தொழில்துறையினரின் விருந்து. பொதுமக்களுக்கு விற்கப்படும் பண்டமாக இன்னும் மாறவில்லை.

அம்மாற்றத்தை இரு நிகழ்வுகள் விரைவுபடுத்தின. 1934 இலிருந்து சனவரி முதல் திசெம்பர் வரையிலான ஆண்டே தகுதிக் காலமாகக் கொள்ளப்பட்டது. 1953 மார்ச் 19 ஆம் திகதி விழா முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது. முன்னையது படவெளியீட்டை ஆண்டிறுதியை நோக்கி ஈர்த்தது. பின்னையது விழாவை விளம்பரதாரரின் கையில் ஒப்படைத்தது. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஏழு நாட்கள் திரையிடப்பட்டால் தகுதியுண்டு என்ற விதி நெடுங்காலம் வழக்கிலிருந்தது. எனவே, திசெம்பர் இறுதியில் ஒரு வாரம் மட்டும் காட்டித் தகுதியைப் பெற்றுக்கொண்டு, சனவரியிலும் பெப்ரவரியிலும் பரந்த அளவில் வெளியிடும் உத்தி உருவாயிற்று. வாக்காளரின் நினைவு பசுமையாயிருக்கும். முன்மொழிவு பெற்ற செய்தியே படத்துக்கு விளம்பரமுமாகும்.

இவ்வாறு உருவானதே ‘விருதுப் பருவம்’. சனவரியில் கோல்டன் குளோப், அதனைத் தொடர்ந்து நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர் சங்கங்களின் விருதுகள், இறுதியில் ஒஸ்கார் என அது ஒரு படிவரிசையாக அமைகிறது. முந்திய விழா பிந்தியதற்கு முன்னறிவித்தலாகிறது. பிந்தியது முந்தியதற்குப் பெறுமதியளிக்கிறது. பிரித்தானியத் திரைப்பட அக்கடமி ஏப்ரலில் நடத்திவந்த தன் விழாவை 2001 இல் பெப்ரவரிக்கு மாற்றிக்கொண்டமை இவ்வரிசையின் வலிமைக்குச் சான்றாகும். ஒஸ்காருக்குப் பின் வழங்கப்படும் விருது செய்திமதிப்பை இழந்துவிடுகிறது.

2004 இல் ஒஸ்கார் விழாவே மார்ச் இறுதியிலிருந்து பெப்ரவரி இறுதிக்கு முன்னகர்த்தப்பட்டது. விருதுக்கான பிரசாரப் போட்டி நீண்டு செல்வதைக் குறைப்பது இதனால் எதிர்பார்க்கப்பட்டது. அத்துடன், அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் விளம்பரக் கட்டணத்தை நிர்ணயிக்கும் பொருட்டுப் பார்வையாளர் தொகையைக் கணக்கிடும் மாதங்களுள் பெப்ரவரியும் ஒன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்ற 2006, 2010, 2014, 2018, 2022 ஆகிய ஆண்டுகளிலோ விழா மார்ச்சுக்குத் தள்ளப்பட்டது. ஒரே பார்வையாளரை இரு பெரும் காட்சிகள் பங்கிட்டுக்கொள்வதை விளம்பரச் சந்தை விரும்புவதில்லை. 1968 இல் மார்ட்டின் லூதர் கிங் படுகொலையுண்டபோது விழா இரண்டு நாட்கள் பின்போடப்பட்டது. சமூகத்தின் துயரத்துக்காக இரண்டு நாட்களும், விளையாட்டு ஒளிபரப்புக்காக வாரக்கணக்கிலும் நாட்காட்டி வளைந்திருக்கிறது!

இந்தியாவின் தேசிய விருதுகளைப் பொறுத்தவரை காலத்தை ஒழுங்குசெய்வது அரசு. 1953 ஆம் ஆண்டுப் படங்களுக்கு 1954 இல் முதன்முதலாக இவ்விருதுகள் வழங்கப்பட்டன. படம் வெளியான நாளன்று, தணிக்கைச் சான்றிதழ் பெற்ற நாளே இங்கு கணக்கு. சந்தையின் நெருக்குதல் இல்லாதவிடத்து அவசரமும் இல்லை. 2023 ஆம் ஆண்டுக்கான விருதுகள் 2025 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டுச் செப்டெம்பரில் வழங்கப்பட்டன. கொள்ளைநோய்க் கால இடையூறு இத்தாமதத்துக்கு ஒரு காரணம். ஆனால் தமிழ்நாட்டு அரசு விருதுகளின் வரலாற்றுக்கு அவ்விளக்கம் போதாது. 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்குரிய விருதுகள் 2017 இல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டெம்பரிலேயே வழங்கப்பட்டன. 2009 இல் வெளிவந்த படமொன்று தனக்குரிய பரிசைப் பெறப் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளியீட்டு நாளைக் குறிப்பதில் இம்மியும் பிசகாத தமிழ்த் திரையுலகம் இத்தாமதத்தைப் பொறுத்துக்கொண்டது. ஏனெனில் அங்கே வசூலைத் தீர்மானிப்பது பண்டிகைக் காலமாகும்; விருது வரும்வேளை படம் அரங்கைவிட்டு நீங்கி நெடுநாளாகியிருக்கும்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ‘சரசவிய’ விருதுகள் 1964 இல் தொடங்கின. சனாதிபதி விருதுகள் 1979 இல் தொடங்கின. இவை ஆண்டுதோறும் தவறாது நடந்தவையல்ல. 1972 இல் செயற்படத் தொடங்கிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் விநியோக முறையில் உள்ளூர்ப் படங்கள் வெளியீட்டுக்காக வரிசையில் நிற்க நேர்ந்தது. எடுக்கப்பட்ட ஆண்டு வேறாகவும் மதிப்பிடப்பட்ட ஆண்டு வேறாகவும் ஆயின.

இலங்கைத் தமிழ்ப் படங்களின் நிலை இன்னும் நுண்ணிய ஆய்வுக்குரியது. கொட்டாஞ்சேனை செல்லமஹால் போன்ற அரங்குகளில் தமிழகப் படங்களைப் பார்த்துப் பழகிய இரசிகரே இவற்றின் இயல்பான சந்தை. அதே சந்தையில் தமிழகத்தின் பெரும் மூலதனத்துடன் இவை போட்டியிட வேண்டியிருந்தது. 1978 இல் வாடைக்காற்று, தென்றலும் புயலும், தெய்வம் தந்த வீடு, நான் உங்கள் தோழன் முதலியன ஒரே ஆண்டில் வெளிவந்தன. அத்தகைய ஆண்டு அரிது. 1983 யூலை வன்செயல்களில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டு, மூலப் படச்சுருள்கள் அழிந்தன. அதன்பின் ஒரு தமிழ்ப்படமேனும் வெளிவராத ஆண்டுகள் பல. ஆண்டுக்கொரு ‘சிறந்த தமிழ்ப்படம்’ என்ற வகுப்புக்கு இந்நிலையில் என்ன பொருள் இருக்க முடியும்? தர்மசேன பத்திராஜவின் பொன்மணி 1977 இல் சொற்ப நாட்களே ஓடியது. அதன் சிறப்பைத் திறனாய்வாளர் உணர்ந்துரைத்தது பின்னாளிலேயே. ஓராண்டு எல்லைக்குள் நின்று மதிப்பிடும் எந்த முறையும் அத்தகைய படத்தைத் தவறவிடும்.

விருதுப் பருவம் என்பது இடையறாத உற்பத்தியைக் கொண்ட தொழில்துறையின் விளைபொருள். உற்பத்தி தொடர்ச்சியற்ற களத்தில் அதன் நாட்காட்டியை மட்டும் இரவல் வாங்குவது வெறும் சடங்காகவே முடியும். ஈழத்துத் தமிழ்ப் படங்களை மதிப்பிட ஐந்தாண்டுக் காலப்பகுதியை அலகாகக் கொள்ளலாம். தேர்வுக்கு முன் அப்படங்களைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் மக்கள்முன் திரையிடலாம். தெரிவான படத்தின் பிரதியொன்றைப் பேணிவைப்பதை விருதின் பகுதியாக்கலாம். உற்பத்தி உறவுகள் இவற்றால் மாறிவிடா. ஆயினும், எரிந்துபோன படச்சுருள்களின் வரலாற்றையுடைய ஒரு மக்கட் கூட்டத்துக்கு, விழா நாளைக் குறிப்பதிலும் பிரதியைக் காப்பது முந்திய கடமையாகும்.