தலைக்காசும் நம்பிக்கையும்

ஒரு நிறுவனம் தன் பொருளைக் கடைகளில் வைத்து விற்காமல் தனி மனிதர்களின் உறவு வட்டங்களின் வழியாக விற்பதும், அவ்வாறு விற்பவர் புதிய விற்பனையாளர்களைச் சேர்த்து அவர்களுடைய விற்பனையிலும் ஒரு பங்கைப் பெறுவதும் சேர்ந்ததே வலையமைப்புச் சந்தைப்படுத்தல் எனப்படுகிறது. சேர்த்துவிட்டவரை 'அப்லைன்' என்றும், அவருக்குக் கீழே சேர்ந்தவர்களை 'டவுன்லைன்' என்றும் இத்தொழிலில் உள்ளோர் சொல்வர். முதலில் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும், திட்டத்தை அதன் பின்னரே எடுத்துச்சொல்ல வேண்டும் என்பது இவர்களுடைய பயிற்சிகளில் திரும்பத் திரும்பக் கற்பிக்கப்படும் பாடமாகும். பாடத்தில் பிழையில்லை. ஆனால் கண்டியும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளும் போன்ற ஓரிடத்தில், செலவிடப்படும் நம்பிக்கை யாருடைய உழைப்பால் சேர்ந்தது என்பதைக் கேட்காமல் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்ள இயலாது.

தெல்தோட்டை, கலஹா, பன்விலை, ரங்கலை, நாவலப்பிட்டி எனப் பரந்துகிடக்கும் தோட்டங்களில் பல குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக லயம் எனப்படும் ஒரே வரிசைக் குடியிருப்பில் அடுத்தடுத்த காம்பராக்களில் (அறைகளில்) வாழ்ந்தவை. அக்குறணையிலும் மடவளையிலும் பள்ளிவாசலும் கடைத்தெருவும் திருமண உறவும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக மக்களை வைத்திருக்கின்றன. இத்தகைய ஊர்களில் ஒருவர் மீது மற்றவர் கொண்டுள்ள நம்பிக்கை, மரண வீட்டில் நின்றதாலும் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றதாலும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததாலும் ஆண்டுக்கணக்காக ஊறி வந்ததாகும். விற்பனையாளர் புதிதாக எதையும் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. பெற்றோரும் பாட்டன்மாரும் சேர்த்துவைத்ததை எடுத்துச் செலவு செய்தாலே போதும்.

நம்பிக்கையை இவ்வாறு செலவிடுவது மலைநாட்டுக்குப் புதிய அனுபவமுமன்று. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கையும், 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையும் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டியது பெரும்பாலும், தொழிலாளரைச் சேர்த்து மேற்பார்க்கும் கங்காணிகளின் முறையினால்தான். கங்காணி முன்பின் தெரியாத தரகராக ஊருக்குள் நுழைந்தவரல்லர். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்த தம் சொந்த ஊருக்கே அவர் திரும்பிச் சென்றார். தம் உறவினரிடமும் தம் சாதியினரிடமும் அயல்வீட்டாரிடமும் பேசினார். ஊரிலிருந்த கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் முற்பணம் கொடுத்தார். நம்மவர் கூப்பிடுகிறார் என்ற ஒரே காரணத்தால் குடும்பங்கள் கடல் கடந்தன. தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்த முற்பணம் கங்காணியின் பேரேட்டில் கடனாக நின்றது. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தனர்; வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் இத்தனை சதம் என்று, தலைக்காசு என்றும் பென்ஸ் காசு என்றும் சொல்லப்பட்ட தொகைகள் அவர்களுக்குக் கிடைத்தன. ஆட்கள் கூடக்கூட மேலே உள்ளவரின் வரும்படியும் கூடியது.

இந்த அமைப்பின் கொடிய கருவி 'துண்டு' எனப்பட்ட சீட்டு. குறிப்பிட்ட தொகையைக் கட்டினால் இன்னின்ன ஆட்களை விடுவிக்கலாம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுக்கும் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கங்காணி வேறொரு தோட்டத்தில் கூடுதலான முற்பணம் பெற்றுத் தம் ஆட்களோடு இடம்மாறலாம். கூடிய கடன் ஆட்களின் தலையில் ஏறும். துண்டு முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தினால்தான் ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் அனைவரும் வஞ்சகர்கள் என்று சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. நோயிலும் துயரிலும் தம் ஆட்களுக்காகத் தோட்டத் துரையிடம் வாதாடியவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் தலைக்கு இவ்வளவு என்று வருமானம் வகுக்கப்பட்ட கணத்திலேயே, நல்ல மனிதரின் அன்பும் கணக்குக்குள் வந்துவிட்டது. இன்றைய அப்லைனின் நிலையும் இதுவே. அவருடைய குணம் எவ்வளவு நல்லதாயினும், அவர் பெறும் தரகுப்பணம் அவருடைய ஆலோசனையைச் சாய்த்துவிடுகிறது.

நம்பிக்கையின் கூறுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்களான ரோஜர் மேயர், ஜேம்ஸ் டேவிஸ், டேவிட் ஷூர்மன் ஆகிய மூவரும் 1995இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒருவரை நம்பத்தகுந்தவராக்குவன திறமை, நல்லெண்ணம், நேர்மை ஆகிய மூன்றும் என்று வகுத்துக் காட்டினர். இந்தப் பகுப்பு கண்டிச் சூழலுக்கு மிகவும் பயனுள்ளது. ஊர் ஆசிரியரிடமும் கோயில் தர்மகர்த்தாவிடமும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடமும் மக்கள் கண்டது நேர்மையையும் நல்லெண்ணத்தையும். ஒரு நிறுவனத்தின் வரவுசெலவைப் படித்து அது நிலைக்குமா என்று தீர்மானிக்கும் திறமை அவர்களிடம் உண்டா என்பது என்றும் சோதிக்கப்பட்டதில்லை. கணிதம் நன்றாகக் கற்பித்தவர் சொல்வதால் முதலீடும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பும்போது, ஒரு துறையில் ஈட்டிய நற்பெயர் தொடர்பற்ற மற்றொரு துறைக்குக் கைமாறிவிடுகிறது. மோசடித் திட்டங்கள் ஆசிரியர்களையும் மதப் பெரியோர்களையும் முதலில் தேடி வருவதன் காரணம் இதுவே.

நட்பே விற்பனைக் கருவியாக இயங்க முடியும் என்பதை 1950களில் அமெரிக்காவில் பிரவுனி வைஸ் என்ற பெண்மணி விரிவுபடுத்திய டப்பர்வேர் வீட்டு விருந்துகள் நிறுவின. இல்லத்தலைவி தோழியரை அழைத்து, தேநீர் கொடுத்து, பிளாஸ்டிக் பாத்திரங்களின் விற்பனைக்கு இடமளிப்பார். மறுத்தால் தோழி வருந்துவாளே என்ற கூச்சமே வாங்க வைக்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சால்டினி 1984இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அங்கே இழப்பு ஒரு பாத்திரத்தின் விலையோடு முடிந்தது. சேர்வதற்கே பணம் கட்ட வேண்டிய திட்டத்தில் அந்தக் கூச்சத்தின் விலை நகை அடகாகவும் வட்டிக் கடனாகவும் மாறுகிறது.

நேரிய வலையமைப்பு வணிகத்தையும் பிரமிட் திட்டத்தையும் பிரிக்கும் கோடு, வருமானம் பொருளை உண்மையாகப் பயன்படுத்துவோரிடமிருந்து வருகிறதா, புதிதாகச் சேர்வோர் கட்டும் பணத்திலிருந்து வருகிறதா என்பதாகும். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1979இல் ஆம்வே நிறுவனத்தைப் பிரமிட் அன்று எனத் தீர்ப்பளித்தபோது, வாங்கிய பொருளில் பெரும்பகுதியை விற்றிருக்க வேண்டும், வெளி வாடிக்கையாளர் இருக்க வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற அதன் விதிகளையே கருத்திற்கொண்டது. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 83இ பிரிவு, பங்குபற்றுவோரின் எண்ணிக்கையோ அவர்கள் செலுத்தும் தொகையோ அதிகரிப்பதிலேயே நன்மைகள் பெரிதும் தங்கியிருக்கும் திட்டங்களைத் தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமன்றி ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் அச்சட்டத்தின்படி குற்றமே. ஆகவே, நல்லெண்ணத்தோடு மச்சானைச் சேர்த்துவிட்ட இளைஞரும் சட்டத்தின் பிடிக்குள் வரக்கூடும்.

கணக்கும் எளிதானது. ஒருவர் ஐவரைச் சேர்க்க, அந்த ஐவரும் ஆளுக்கு ஐவரைச் சேர்க்க வேண்டும் என்ற திட்டம் ஒன்பதாவது படியை அடையும்போது அந்தப் படிக்கு மட்டும் 1,953,125 பேர் தேவை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் கண்டி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை, கைக்குழந்தைகள் உட்பட, ஏறத்தாழ 13.7 இலட்சமே.

2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாமல் நின்று, அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, சம்பளத்தால் குடும்பம் நடத்த முடியாதவர்களிடம் இத்திட்டங்கள் வேகமாகப் பரவின. செயற்கை நுண்ணறிவால் வர்த்தகம் செய்வதாகச் சொல்லி, கைபேசியில் நாள்தோறும் இலாபத்தைக் காட்டி, ஆள்சேர்ப்போருக்கு மேலதிகத் தொகையும் வழங்கிய எம்.டி.எஃப்.இ. என்ற செயலி, 2023 ஆகஸ்டில் பங்களாதேஷ், நைஜீரியா, இலங்கை ஆகிய நாடுகளில் சரிந்தது. பலருடைய கணக்குகள் அவர்களே கடனாளிகள் என்று காட்டின. இலங்கை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களாக வெளியிட்ட பட்டியலில் அதுவும் ஒன்மெக்ஸ் டி.டி., ஸ்போர்ட் செயின் முதலியனவும் இடம்பெற்றுள்ளன.

இதே மக்களிடம் நம்பிக்கையை நாணயமாக நடத்திய முறை ஒன்றும் உண்டு. அது சீட்டுப் பிடித்தல். பன்னிரண்டு பேர் மாதந்தோறும் சமமாகப் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் சீட்டில் அனைவரும் ஒருவரையொருவர் அறிவர், வட்டம் மூடியது, புதிய ஆள் ஒருவரும் வராவிட்டாலும் அது முழுமையாக நிறைவேறும். சீட்டு பிடிப்பவர் ஓடிவிடும் ஆபத்து உண்டென்பதால் 1935ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அதன் அடிப்படை ஆள்சேர்ப்பில் தங்கியதன்று.

நேர்மையாகப் பொருள் விற்க விரும்புபவர் நம்பிக்கையைத் திட்டத்துக்கு முன்னரே ஈட்டலாம். அதற்கு நல்வழிகளும் உண்டு. அழைக்கும்போதே வியாபாரம் பேசவே அழைப்பதாகச் சொல்லிவிடுவது, தமக்குக் கிடைக்கும் தரகை வாய்விட்டுச் சொல்வது, பொருளின் விலையைக் கண்டி நகரக் கடைகளின் விலையோடு ஒப்பிட்டுக் காட்டுவது, தாமே சில மாதம் பயன்படுத்திய பின்னரே பேசுவது, வேண்டாம் என்றவரிடம் மறுமுறை அதைப்பற்றி வாயெடுக்காதிருப்பது ஆகியவை அவை. சுகம் விசாரிக்க வந்ததுபோல் வந்து, மூன்றாம் சந்திப்பில் திட்டத்தை விரிப்பது ஏமாற்றே. அதைப் பயிற்சியாகக் கற்பிப்பவர் கற்பிப்பதும் ஏமாற்றையே.

அழைப்பைப் பெறுபவர்கள், அழைத்தவர் மாமனாகவோ ஆசிரியராகவோ இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் மத்திய வங்கியின் இணையத்தளத்திலுள்ள பட்டியலைப் பார்க்கவும், 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதன் நிதியியல் நுகர்வோர் பிரிவிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். அழைத்தவர் மனம் நோகுமே என்று எண்ணிக் கையெழுத்திட வேண்டாம்.