பெரியண்ணன் கால், சின்னத்தம்பி கால்... தெரியுமா?

பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் விடியவே ஓடுகிற ஆளா நீங்கள்? ஓடும்போது உங்கள் இரண்டு கால்களும் ஒருபோதும் சேர்ந்து நிலத்தைத் தொடுவதில்லை, தெரியுமா? நடையில் ஒரு கணமாவது இரண்டும் சேர்ந்து தாங்கும். ஓட்டமோ முழுக்க ஒற்றைக்கால் பாய்ச்சல்! நிமிடத்துக்கு 170 அடி வைப்பவர் அரை மணித்தியாலம் ஓடினால், ஒவ்வொரு காலும் 2,550 தரம் இறங்கும். ஒவ்வொரு தரமும் உடல் எடையின் இரண்டு, மூன்று மடங்கு பாரம். 70 கிலோ ஆளின் ஒற்றைக் காலில் மூன்று, நான்கு சீமெந்து மூட்டை!

அந்தப் பாரத்தை இரண்டு காலும் சமமாகவா தாங்குகின்றன? இல்லவே இல்லை! பெரும்பாலானோருக்கு ஒன்று பெரியண்ணன், மற்றது சின்னத்தம்பி. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்த நம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை நினைத்துப் பாருங்கள். உயரம் பாய்பவர் உந்தி எழும்புவது ஒரே காலில்தான். அவருக்கு அண்ணன் கால் ஒன்று போதும். வீதியில் ஓடுபவருக்குத் தம்பியும் வேண்டுமே!

ஒவ்வொரு காலின் பலத்தையும் அளக்க ஒரு விசித்திர இயந்திரம் உண்டு: ஐசோகினெற்றிக் டைனமோமீற்றர். கதிரையில் இருத்தி, காலை ஒரு நெம்புகோலோடு கட்டிவிடுவார்கள். செக்கனுக்கு 60 பாகை என்று வேகத்தை வைத்தால், நீங்கள் பல்லைக் கடித்து எத்தினாலும் அது அதற்குமேல் விரையாது! எவ்வளவு எத்துகிறீர்களோ அவ்வளவு எதிர்த்து நின்று கணக்கெடுக்கும். இன்னொரு புதினம்: ஒரே காலுக்குள்ளும் அண்ணன் தம்பி! அந்த வேகத்தில் பின்தொடையின் பலம் முன்தொடையினதில் சுமார் 60 வீதம் இருப்பதே வழமை.

இயந்திரம் இல்லையா? குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் நேரம் போதும். (இறங்குதுறை விளிம்பில் வேண்டாம், சுவர் ஓரமாக!) சுவரில் விரல் வைத்து, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், ஏலாமல் போகும்வரை. 25 தரம் என்பது பழைய அளவுகோல். வலது 25, இடது 20 என்றால் சின்னதைப் பெரியதால் வகுங்கள்: 80 வீதம். 90க்கு மேல் என்றால் வைத்தியர்களே பெரிதாக அலட்டுவதில்லை. 80 என்றாலும் ஓடிப்போய்ப் படுக்க வேண்டாம். வித்தியாசம் இருந்தால் காயம் வந்தே தீரும் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை.

நெடுந்தீவில் இறங்கினால் குதிரைகளைப் பாருங்கள். நாலுகால் பாய்ச்சலில் ஒரு பக்கக் கால் மற்றதைவிட முன்னே எட்டி விழும். அந்தப் பக்கம் களைத்தால் மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும்! நமக்கு அந்த வசதி இல்லை. அங்கே பாறையில் ராட்சதக் காலடி ஒன்றும் உண்டு. ஒன்றேதான். மற்றக் காலை எங்கே வைத்தாரோ!

கடைசியாக, நம்பவே முடியாத ஒன்று. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுக்க, சும்மா கிடந்த மற்றக் கையும் பலத்தது! தசை அல்ல, நரம்பு செய்த வேலை. காலுக்கும் அப்படியே. சின்னத்தம்பிக்குக் கட்டுப் போட்டிருக்கும் நாளிலும் பெரியண்ணனுக்குப் பயிற்சி கொடுக்கலாம். தம்பிக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்.