பழைய ஸ்னோமொபைல் வாங்குமுன்...

1934-ஆம் ஆண்டின் குளிர்காலம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்றொரு சிற்றூர். அங்கே மோட்டார் பட்டறை நடத்தி வந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்னும் இளைஞரின் இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயால் துடித்துக் கொண்டிருந்தான். குடல்வால் அழற்சி முற்றிவிட்ட நிலை. மருத்துவமனையோ தொலைவில் இருந்தது. சாலைகள் பனியில் புதைந்து கிடந்தன. பனியில் ஓடக்கூடிய வண்டியொன்றைத் தந்தை பல ஆண்டுகளாகச் செய்து பார்த்து வந்தார். ஆனால் அது ஓடும் நிலையை இன்னும் எட்டவில்லை. குழந்தை இறந்து போனான்.

அந்தத் தந்தை ஓயவில்லை. பற்சக்கரமும் ரப்பர்ப் பட்டையும் இணைந்து பனிமேல் வண்டியை நகர்த்தும் அமைப்புக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். ஏழுபேர் அமரும் வண்டிகளைச் செய்து விற்றார். மருத்துவர்களும் அஞ்சல்காரர்களும் அவற்றில் பயணம் செய்தனர். 1959-இல், ஓரிருவர் ஏறிச் செல்லத்தக்க சிறிய 'ஸ்கீ-டூ' வண்டியை அவர் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று விளையாட்டுப் பொருளாகக் கருதப்படும் ஸ்னோமொபைல் பெருவழக்காகப் பரவியது அதன் பின்னரே.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் வாசகர்களுக்கு வண்டியின் உருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். அவற்றைத் திருப்பக் கைப்பிடி. பின்புறம் சக்கரத்துக்குப் பதிலாக, 'டிராக்' எனப்படும் அகன்ற ரப்பர்ப் பட்டை. அதன் புறத்தே வரிசை வரிசையாக ரப்பர்ப் பற்கள். நடுவே இயந்திரம். நம் ஊரில் கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் உள்ளதைப் போலவே, இரண்டு கிளட்ச்களுக்கு இடையே ஒரு பெல்ட் சுழன்று ஆற்றலைப் பின்னே கடத்துகிறது.

இனி, பனி நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு வருவோம். உங்களில் சிலர் இளமையில் இதை ஓட்டியிருப்பீர்கள். பிறகு வேலை, திருமணம், குழந்தைகள் என்று பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடியிருக்கும். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். பழைய ஆசை மீண்டும் தலைதூக்குகிறது. புதிய வண்டியோ ஒரு சிறு காரின் விலை சொல்கிறது. வட்டிக் கடனுக்குப் போகாமல் கைப்பணத்திலேயே வாங்க விரும்பும் நம் குடும்பங்களுக்குப் பழைய வண்டியே வழி. அதில் குறையொன்றுமில்லை. ஆனால் ஒன்றை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். நகரத்தில் கார் பழுதானால் பேருந்து ஏறி வீடு திரும்பலாம். சாலையிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே, கைப்பேசி எட்டாத காட்டில், உறைநிலைக்கு இருபத்தைந்து பாகை கீழான குளிரில், பொழுது சாயும் வேளையில் இந்த வண்டி நின்றுவிட்டால் அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே, 'எவ்வளவு வேகம் போகும்?' என்று கேட்குமுன், 'என்னை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருமா?' என்று கேளுங்கள்.

நினைவில் உள்ள வண்டியும் தேவையான வண்டியும்

திரும்பி வருபவர் செய்யும் முதல் தவறு, அன்று ஓட்டிய அதே வண்டியைத் தேடுவது. இடைக்காலத்தில் வண்டியின் அமைப்பே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஓட்டுநர் தாழ்வாக, கால்களை முன்னே நீட்டி, பின்தள்ளி அமர்ந்திருப்பார். 2003-ஆம் ஆண்டு மாதிரியாக ஸ்கீ-டூ நிறுவனம் 'ரெவ்' அமைப்பைக் கொண்டுவந்தபோது, ஓட்டுநர் நிமிர்ந்து, முன்தள்ளி, முழங்கால் மடித்து அமரும் முறை வந்தது. மேடுபள்ளத்தில் சற்றே எழுந்து நின்று அதிர்ச்சியைக் கால்களால் தாங்கிக் கொள்ள முடிகிறது. நாற்பத்தைந்து வயது முதுகெலும்புக்கு இது பெரும் உபகாரம். பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. எனவே 1990-களின் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். பொழுதுபோக்காகப் பிரித்துப் பூட்டி மகிழ்பவருக்கே அது ஏற்றது.

அடுத்தது ஆற்றல். 600 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டியே இன்று ஏறத்தாழ 120 குதிரைத் திறன் தருகிறது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வல்லமை அதற்கு உண்டு. ஒண்டாரியோ மாநிலத்தின் பனித்தடங்களிலோ சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்தான். இதற்கு மேல் 800, 850 என்று தேடுவது வீண் ஆசை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில், ஷாக் அப்சார்பர்கள் நல்ல நிலையில் உள்ள 600-ஐத் தேடுங்கள். மனைவியையோ மகனையோ பின்னால் ஏற்றிச் செல்ல எண்ணினால், முதுகுச் சாய்வும் பிடியும் உள்ள இருவர் வண்டியையே வாங்குங்கள். ஒருவருக்கென ஆன இருக்கையில் இருவரை நெருக்கிக் கொண்டு போவதைத் தடங்களில் காணும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது.

டிராக்கின் நீளத்தையும் கேட்டுக் கொள்ளுங்கள். சீராக்கப்பட்ட தடங்களுக்கு 120 முதல் 137 அங்குலம் வரை போதும். மலைப்பகுதியின் ஆழ்பனிக்கே 150 அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமும் உயர்ந்த பற்களும் வேண்டும். தடத்தில் ஓட்டுபவருக்கு அவை திருப்பத்தில் தொல்லை.

நிறுவனங்களைப் பற்றி ஓரிரு சொற்கள். ஸ்கீ-டூ, போலாரிஸ் இரண்டுக்கும் உதிரி பாகங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. யமஹா நிறுவனம் ஸ்னோமொபைல் தொழிலிலிருந்து விலகுவதாக 2023-இல் அறிவித்தது. வட அமெரிக்காவுக்கு 2025 மாதிரியே அதன் கடைசி. அதன் ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரங்கள் நெடுநாள் உழைப்பவை எனப் பெயர் பெற்றவை. உதிரி பாக வழங்கல் தொடரும் என்றும் நிறுவனம் உறுதி கூறியிருக்கிறது. ஆயினும் எடை கூடுதல். ஆழ்பனியில் சிக்கினால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆர்க்டிக் கேட் 2017-இல் டெக்ஸ்ட்ரான் வசமாகி, 2025-இல் மீண்டும் கைமாறியது. எந்த நிறுவனமாயினும், உங்கள் வீட்டிலிருந்து ஒருமணி நேரத் தொலைவுக்குள் அந்த வண்டியைப் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா என்பதே பெயரைவிட முக்கியம்.

இயந்திரத்தைக் கையால் தொடுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகுமுன், விற்பவரிடம் தொலைபேசியில் ஒன்று சொல்லுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போய்ச் சேர்ந்தவுடன் பேச்சுக்கு முன் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், விற்பவர் எதையோ உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று கொள்ள இடமுண்டு. தேய்ந்த இயந்திரமும், அடைபட்ட கார்புரேட்டரும் குளிர்ந்த நிலையில்தான் தம் குட்டை வெளிப்படுத்தும். சூடேறிவிட்டால் அரைகுறை இயந்திரமும் ஒழுங்காக ஓடுவது போல் தோன்றும். குறையை மறைத்து விற்கலாகாது என்பதை நாம் அறிவோம். எதிரில் நிற்பவரும் அப்படியே நடப்பார் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட முடியாது.

கம்ப்ரஷன் சோதனை இன்றியமையாதது. அதற்கான மானி அதிக விலையில்லை. பழகிய மெக்கானிக்கிடம் இரவலாகவும் கிடைக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதே பெரிது. பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், பிஸ்டனோ அதன் வளையங்களோ கெட்டிருக்கலாம், செலவு காத்திருக்கிறது. கழற்றிய பிளக்குகளையும் கவனியுங்கள். ஒன்று காப்பிப்பொடி நிறத்திலும் மற்றொன்று வெளுத்தும் இருந்தால், வெளுத்த பக்கத்துக்கு எரிபொருள் போதவில்லை என்று ஐயுற வேண்டும். டூ ஸ்ட்ரோக் இயந்திரம் எரிவதற்கு அதுவே தலையாய காரணம்.

கிலோமீட்டர் காட்டியில் எண் குறைவாக இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். பத்து ஆண்டில் இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி பெரும்பாலும் கொட்டகையிலேயே கிடந்த வண்டி. பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கும். மின்கம்பிகளை அது சுவைத்துமிருக்கும். ஆண்டுதோறும் ஓடி, ஆண்டுதோறும் பராமரிக்கப்பட்டு, ரசீதுகளோடு வரும் வண்டியே மேல்.

பக்கவாட்டு மூடியைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். ஓரங்களில் நூல் பிரிந்திருந்தாலும், ஓரிடத்தில் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அது சிறு செலவு. ஆனால் கிளட்ச் தட்டுகளில் விரல் நகம் சிக்குமளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அது பெருஞ்செலவு. செயின் பெட்டியின் எண்ணெயைத் துளி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளித் துகள்கள் மின்னினால் உள்ளே பல்லோ பேரிங்கோ தேய்கிறது.

பிறகு தரையில் மண்டியிடுங்கள். உடை அழுக்காகும், பரவாயில்லை. டிராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பற்கள் உதிர்ந்திருக்கின்றனவா, ஓரம் கிழிந்திருக்கிறதா, உள்ளே குறுக்காகச் செல்லும் கம்பிகள் முறிந்திருக்கின்றனவா? டிராக்கை மாற்றுவது சில வேளைகளில் வண்டியின் விலையில் நல்லதொரு பங்கை விழுங்கிவிடும். டிராக் உராய்ந்து செல்லும் பிளாஸ்டிக் பட்டிகள் தேய்ந்திருப்பது இயல்பு. உருகி வழிந்திருந்தால், பனியில்லாத தரையில் வண்டியை ஓட்டியிருக்கிறார்கள். டிராக் அள்ளி வீசும் பனிதான் அப்பட்டிகளையும், இருக்கைக்கு அடியிலுள்ள ரேடியேட்டரையும் குளிர்விக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்படி ஓட்டியவர் இயந்திரத்தையும் கொதிக்க விட்டிருப்பார்.

அலுமினியச் சட்டத்தில் மடிப்போ, புதிய ஒட்டுப் பற்றோ, ஒருபுறம் மட்டும் புத்தம் புதிய உறுப்புகளோ தெரிந்தால் விபத்து நடந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. முகவிளக்கின் உட்புறத்தில் நீர்க்கறை, இருக்கைக்கடியில் வண்டல், மின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தென்பட்டால், அந்த வண்டி ஏரியில் மூழ்கி எடுக்கப்பட்டதாக இருக்கக்கூடும். எவ்வளவு மலிவானாலும் விலகிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கோடையில் விலை தணிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது ஓட்டிப் பார்க்க வழியில்லை. பனிக்காலம் முடியும் மார்ச் மாதமே இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல வேளை. பிரேக்கை முதலில் சோதியுங்கள். பிடி இறுக்கமாக இருக்க வேண்டும். அழுத்தினால் கைப்பிடி வரை அமுங்கிவிடக் கூடாது. ஓட்டுநர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை இழுத்து, இயந்திரம் உடனே நிற்கிறதா என்று பாருங்கள். சட்டத்தில் பொறித்த எண்ணும் பதிவுச் சீட்டின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். வண்டிமேல் யாருக்கேனும் கடன் பாக்கி உண்டா என்பதையும் அந்த எண்ணைக் கொண்டே விசாரித்துவிடுங்கள்.

வாங்கிய பின்

வண்டி மாறியது போல் நீங்களும் மாறியிருக்கிறீர்கள். கை விரைவும் கண் கூர்மையும் இருபது வயதில் இருந்தபடி இல்லை. பழைய தலைக்கவசத்தைப் பரணிலிருந்து எடுக்காதீர்கள். அதன் உட்பஞ்சு உளுத்திருக்கும். புதிதாக வாங்குங்கள்.

உறைந்த ஏரியைக் குறுக்கே கடப்பது முன்பு உங்களுக்குப் பழக்கமாக இருந்திருக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத்துறை, ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 5 முதல் 7 அங்குலம் வரை கெட்டியான, தெளிந்த புதுப் பனிக்கட்டி வேண்டும் என்கிறது. வெண்ணிறப் பனிக்கட்டிக்கு வலிமை பாதிதான். அதன் கனம் இருமடங்கு இருக்க வேண்டும். ஆறு வந்து கலக்கும் முகத்துவாரத்தில் இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது. அங்கே கரையோரமாகச் சுற்றிச் செல்லுங்கள்.

முதல் நாள் தனியே போகாதீர்கள். பத்துக் கிலோமீட்டருக்குமேல் விலகாதீர்கள். இருக்கைக்கடியில் ஒரு மாற்று பெல்ட், இரண்டு பிளக்குகள், அவற்றைக் கழற்றும் சாவி, தீப்பெட்டி, உலர்ந்த கையுறை. எந்தத் தடத்தில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தாளொன்றில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.