இறக்கியது இறக்குமதி ஆகுமா?

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜூரோங் துறைமுகத்தில் மடகாஸ்கர் நாட்டு ஈட்டி மரக்கட்டைகள் பிடிபட்டன. எண்ணிக்கை 29,434, எடை 3,200 டன்னுக்கு மேல். கப்பலிலிருந்து கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோதே அதிகாரிகள் பணியை நிறுத்தினர்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1973இல் உருவானது. சிங்கப்பூர் 1986இல் அதில் இணைந்தது. மடகாஸ்கர் ஈட்டி வகைகள் 2013இல் அதன் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றன. அப்பின்னிணைப்பு முழுத்தடை அன்று. அனுமதிச் சீட்டு இன்றி எல்லை கடத்தலாகாது என்பதே அதன் பொருள். மாணவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கின்றனர்.

பட்டியல் அறிவியற்பெயரையே ஆள்வதற்குக் காரணமுண்டு. நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைப்பது ஒரே மரத்தை. செஞ்சந்தனமோ பெயரில் சந்தனமாயினும் இனத்தால் வேறு. இலையும் பூவும் இழந்து கட்டையாகிவிட்ட மரத்தில் இனம் பிரித்தறிவது வல்லுநர்க்கும் அரிது. ஆதலால் 2017 ஜனவரி முதல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நம் ஈட்டியும் அதனுள் அடங்கும்.

ஜூரோங் வழக்குக்கு வருவோம். அனுமதியின்றி இறக்குமதி செய்தனர் என்பதே குற்றச்சாட்டு. கீழ்நீதிமன்றம் விடுவித்தது, 2017இல் உயர்நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது, 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. மூன்று படிகளிலும் வழக்கு ஒரு சொல்லைச் சுற்றியே நின்றது.

தமிழில் இறக்குமதி என்னும்போது 'இறக்கு' என்ற வினை முன்னே நிற்கிறது. துறையில் சரக்கு இறங்கினால் செயல் முடிந்ததென நம் செவி கொள்ளும். அவ்வழக்குக்குப் பொருந்திய சிங்கப்பூர்ச் சட்டமோ, இடைவழிச் சரக்கை இறக்குமதியின் வரையறையிலிருந்தே விலக்கியது. மீண்டும் வெளியே கொண்டுசெல்வது ஒன்றே நோக்கமாக இருக்கவேண்டியிருந்தது. அதுவரை சரக்கு வந்த ஊர்தியிலேயே இருக்கவேண்டியிருந்தது, அல்லது அதிகாரியின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டியிருந்தது. கட்டைகள் ஹாங்காங்குக்குச் செல்லவிருந்தவை. கிடந்த இடம் தடையற்ற வணிக வலயம். இவ்விரண்டும் நிறைவுற்றன என நீதிமன்றம் கண்டது. 'கட்டுப்பாடு' என்பது அதிகாரி அருகிலிருந்து காவல் காப்பதா, தடுக்கும் அதிகாரம் அவருக்கு இருப்பதே போதுமா என்ற வினாவே இங்குக் கடினமானது. நீதிமன்றம் பின்னதை ஏற்றது. சட்டநூலின்படி அது பொருந்தும் விளக்கமே என்பது நம் கருத்து. காட்டை எண்ணுவோர்க்கு அது கசக்கும்.

அம்மரங்கள் மடகாஸ்கரில் முறைப்படி வெட்டப்பட்டவை என்று அத்தீர்ப்பு கூறவில்லை. அக்கேள்வி அதன்முன் வைக்கப்படவுமில்லை.