மலைச்சரிவு நிலங்களுக்குக் குளிர்காலப் புற்போர்வை

நீலகிரியில் சித்திரை, வைகாசியில் நட்ட உருளைக்கிழங்கை ஆவணி, புரட்டாசியில் தோண்டியெடுத்தபின், இரண்டாம் போகம் வைக்காத நிலங்கள் வெறுமையாகவே கிடப்பதைக் காண்கிறோம். கிழங்கு தோண்டிய மண் பொலபொலத்திருக்கும். அதன்மேல் ஐப்பசி, கார்த்திகை மழை விழுகிறது. துளிகள் மண்கட்டிகளை உடைக்க, நுண்பொடி துவாரங்களை அடைத்துவிடுகிறது. பின்னர் நீர் உள்ளிறங்க வழியின்றி, மேல்மண்ணையும் இட்ட எருவையும் வாரிக்கொண்டு பள்ளத்திற்கு ஓடுகிறது. 2009-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்தன. அத்தகைய இடிவைப் புல் தடுக்குமென்று யாம் கூறவில்லை. ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழை சிறிது சிறிதாகச் செய்யும் நஷ்டத்தையே அது தடுக்கும்.

எந்தப் புல்லை விதைப்பது? அறுகு உஷ்ணத்தை நாடுவது. உறைபனியில் வாடிப் பழுத்துவிடும். கிக்குயுப் புல்லும் பனியில் கருகும். மேலும் அதன் தண்டுகள் மண்ணுள் ஓடி, பயிர் நிலத்தில் ஒருமுறை புகுந்தால் எளிதில் ஒழியா. ஆகவே குளிரைத் தாங்கி வளரும் ஓராண்டு ரைப் புல்லே ஏற்றது. அதன் விதை கிடையாவிடில் ஓட்ஸ் விதைக்கலாம்.

ஏக்கருக்கு 20 முதல் 30 ராத்தல் ரைப் புல் விதை, அதாவது 9 முதல் 14 கிலோ போதும். விதை மிக இலேசானதாகையால் உலர்ந்த மணலுடன் கலந்து, பாதியை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவுதல் நன்று. முட்செடிக் கொத்தைச் சரிவின் குறுக்கே இழுத்து, கால் முதல் அரை அங்குல மண் மூடச் செய்க. மேலிருந்து கீழாக இழுத்தால் அக்கீறல்களே நீரோடும் வாய்க்கால்களாகிவிடும். ஈரமிருப்பின் 5 முதல் 10 நாட்களில் முளைக்கும். பெருமழைக்குமுன் வேரூன்ற வேண்டுமாதலால், புரட்டாசி நடுவிற்குள் விதைப்பை முடித்தல் அவசியம்.

கதிர் வெளிவருமுன் மூன்று அங்குலம் விட்டு அறுத்தால் கறவை மாடுகளுக்குப் பசுந்தீவனமாகும். கதிர் முற்றவிட்டால் விதை சிந்திக் களையாகும். முற்றிய தாளை மண்ணில் மடக்கினால், அதை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ள, அடுத்த கிழங்குப் பயிர் வெளுத்து நிற்கும். ஆதலின் இளம்புல்லாகவே, நடவுக்கு மூன்று வாரம் முன்னதாகக் கொத்தி மடக்குக. பல ஆண்டு புல் தரையாக விட்ட நிலத்தை உடைத்து உடனே கிழங்கு நடுவது உசிதமன்று. அங்கே வளரும் கம்பிப்புழு கிழங்கைத் துளைக்கும்.

1961-ல் இம்மலையில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழுவுக்குப் புல்லினம் உணவன்று. நிலம் பசுமையாயிருப்பினும் அப்புழு அதில் பெருகாது.

ஆயினும் ஒருவர் மட்டும் விதைப்பதில் பயன் குறைவே. மேல்வயல் வெறுமையாயின் அதன் வெள்ளம் கீழ்வயற் புல்லைப் பெயர்த்தோ, வண்டலால் மூடியோ விடும். ஒரு சரிவிலுள்ள அங்கத்தினர் யாவரும், உச்சி நிலத்தாரை முன்னிட்டு, ஒரே வாரத்தில் விதைக்கத் தீர்மானித்தல் வேண்டும். சங்கம் ஆடி மாதத்திலேயே விதையை மொத்தமாகத் தருவித்து, 100 விதைகளை ஈரத்துணியில் முளைகட்டிப் பார்க்கலாம். 80-க்குக் குறைவாக முளைத்தால், விதையளவை அதற்குத் தக்கபடி உயர்த்தி அங்கத்தினருக்கு வழங்குக.