மாத்திரை, மேற்பூச்சு மருந்துகளின் உருவாக்கமும் சோதனையும்

மருந்து உருவாக்கம் என்பது நோய் தீர்க்கும் வேதிப்பொருளை நோயாளி பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய மாத்திரை, களிம்பு, கிரீம், ஜெல் போன்ற வடிவமாக மாற்றும் பணியாகும். இது மருந்தாக்கவியலின் முக்கியப் பிரிவு. ஒரே மருந்துப்பொருள் ஒரே அளவில் இருந்தாலும், அதனுடன் சேர்க்கப்படும் பொருட்களும் தயாரிக்கும் முறையும் மாறினால் உடலில் அதன் விளைவும் மாறக்கூடும். ஆகவே உருவாக்கப்பட்ட ஒவ்வொரு மருந்தும் விற்பனைக்கு வருமுன் பல சோதனைகளைக் கடக்க வேண்டும்.

வரலாறு

தூளை அச்சில் இட்டு அழுத்தி மாத்திரையாக்கும் முறைக்கு 1843-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பிராக்டன் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் மருந்துகள் பெரும்பாலும் தூளாகவோ கையால் உருட்டிய உருண்டையாகவோ வழங்கப்பட்டன.

உருவாக்கத்தில் நேரும் பிழை உயிரைப் பறிக்கும் என்பதை 1937-இல் அமெரிக்காவில் நடந்த துயரம் காட்டியது. சல்பனிலமைடு என்ற மருந்து அதுவரை மாத்திரையாகவும் தூளாகவும் பயன்பாட்டில் இருந்தது. அதைத் திரவ வடிவில் தர விரும்பிய ஒரு நிறுவனம், மருந்தைக் கரைப்பதற்கு டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தைப் பயன்படுத்தியது. சுவையும் மணமும் சோதிக்கப்பட்டன, நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொன்றது மருந்துப்பொருள் அன்று, அதைக் கரைத்த திரவமே. இதன் விளைவாக, புதிய மருந்து பாதுகாப்பானது என்பதை விற்பனைக்கு முன்பே காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டது.

மாத்திரையின் உட்கூறுகள்

மாத்திரையில் மருந்துப்பொருளுடன் துணைப்பொருட்களும் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை:

- நிரப்பிகள்: மருந்தின் அளவு மிகக் குறைவாக இருக்கும்போது மாத்திரைக்குக் கையாளத்தக்க பருமன் தருபவை. லாக்டோஸ், நுண்படிக செல்லுலோஸ் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.
- பிணைப்பான்கள்: துகள்களை ஒன்றாகப் பிடித்து வைப்பவை. மாவுச்சத்துக் கூழ் நெடுங்காலமாகப் பயன்படுகிறது.
- சிதைப்பான்கள்: நீர் பட்டதும் உப்பி மாத்திரையை உடைப்பவை.
- மசகுப் பொருட்கள்: தூள் அச்சில் ஒட்டாமல் காப்பவை. மக்னீசியம் ஸ்டியரேட்டு பரவலாகப் பயன்படுகிறது.

இவற்றின் அளவுகளை முடிவு செய்வது எளிதன்று. பிணைப்பான் மிகுந்தால் மாத்திரை உறுதியாகும், ஆனால் வயிற்றில் உடையத் தாமதமாகும். மக்னீசியம் ஸ்டியரேட்டு நீரை விலக்கும் பொருள். அதை அளவுக்கு மேல் சேர்த்தாலோ நெடுநேரம் கலக்கினாலோ, அது துகள்களின் மேல் படலமாகப் படிந்து மருந்து கரைவதைத் தாமதப்படுத்தும்.

தயாரிப்பு முறைகள்

ஈரக் குருணையாக்கத்தில் தூள் கலவை பிணைப்பான் கரைசலுடன் பிசையப்பட்டு, குருணையாக்கி உலர்த்தப்பட்டு, பிறகு அழுத்தப்படுகிறது. உலர் குருணையாக்கத்தில் நீரின்றித் தூள் முதலில் கட்டியாக அழுத்தப்பட்டு, உடைத்துக் குருணையாக்கப்படுகிறது. நேரடி அழுத்தத்தில் கலந்த தூளே எந்திரத்துக்குச் செல்கிறது.

எந்த முறை ஏற்றது என்பதை மருந்தின் இயல்பு தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, ஆஸ்பிரின் ஈரத்தில் சிதைந்து சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வருவது இதனால்தான். எனவே நீரைப் பயன்படுத்தும் குருணையாக்கம் இதற்குத் தவிர்க்கப்படுகிறது.

மாத்திரைச் சோதனைகள்

எடைச் சீர்மை: 20 மாத்திரைகள் தனித்தனியே எடை பார்க்கப்படுகின்றன. சராசரி எடை 250 மி.கி.க்கு மேற்பட்ட மாத்திரைகளில், இரண்டுக்கு மேற்பட்டவை சராசரியிலிருந்து 5 விழுக்காட்டைத் தாண்டி விலகக்கூடாது. எதுவும் 10 விழுக்காட்டைத் தாண்டி விலகக்கூடாது.

உதிர்வுச் சோதனை: மாத்திரைகள் சுழலும் உருளையில் இடப்பட்டு, நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 100 முறை உருட்டி விழச் செய்யப்படுகின்றன. எடை இழப்பு பொதுவாக 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பொதியும்போதும் வண்டியில் கொண்டுசெல்லும்போதும் மாத்திரை உதிராமல் இருக்குமா என்பதை இது காட்டும்.

சிதைவு நேரம்: மேலும் கீழும் அசையும் குழாய்களில், 37 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள நீரில் மாத்திரை உடைய எடுக்கும் நேரம் அளக்கப்படுகிறது. மேலுறை இல்லாத சாதாரண மாத்திரைக்கு 15 நிமிடம் வரம்பு. குடலில் மட்டும் கரைய வேண்டிய உறையிட்ட மாத்திரை, அமிலத்தில் 2 மணி நேரம் சிதையாமல் இருந்து, பிறகு குடல் சூழலை ஒத்த கரைசலில் உடைய வேண்டும்.

கரைதல் சோதனை: மாத்திரை உடைந்தால் மட்டும் போதாது, மருந்து கரைந்தால்தான் குடல் அதை உறிஞ்சும். ஆறு கலங்களில் மாத்திரைகள் இடப்பட்டு, துடுப்பு அல்லது கூடை சுழற்றப்பட்டு, குறித்த நேரத்தில் கரைந்த மருந்தின் அளவு கணக்கிடப்படுகிறது. அமெரிக்க மருந்து நூலின்படி பாராசிட்டமால் மாத்திரைக்கு 900 மி.லி. கரைசலும் 30 நிமிடமும் தரப்பட்டு, 80 விழுக்காட்டு மருந்து கரைய வேண்டும் என்று அளவு வகுக்கப்பட்டுள்ளது.

துணைப்பொருள் மாறியதால் நேர்ந்தவை

1968-இல் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கு ஃபெனிடோயின் உட்கொண்டு வந்த பலருக்குத் தள்ளாட்டம் உள்ளிட்ட நச்சு அறிகுறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாற்றப்படவில்லை. விசாரித்தபோது, குளிகைகளில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. கால்சியம் சல்பேட்டு மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைத்து வந்தது. அது நீங்கியதும் அதே அளவு மருந்து கூடுதலாக இரத்தத்தில் சேர்ந்தது.

1971-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இதய நோய்க்கான டிஜாக்சின் மாத்திரைகளின் வெவ்வேறு தயாரிப்புகளுக்கிடையே இரத்த அளவில் ஏழு மடங்கு வரை வேறுபாடு காணப்பட்டது. டிஜாக்சினில் பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் இது கவலை தந்தது. கரைதல் சோதனை 1970-இல் அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்று, பின்னர் பெரும்பாலான மாத்திரைகளுக்கு விரிவாக்கப்பட்டது.

மேற்பூச்சு மருந்துகள்

தோலின் வெளிப்படலமான கொம்புப்படலம் மெல்லியதாயினும் வலுவான தடுப்பு. மேற்பூச்சு மருந்து எவ்வளவு ஊடுருவும் என்பது அதன் அடிப்பொருளைப் பொறுத்தது. மென்பாரஃபின் கலந்த களிம்பு ஈரம் ஆவியாகாமல் மூடி வைப்பதால், வறண்ட, தடித்த தோலுக்கு ஏற்றது. கிரீம், நீரும் எண்ணெயும் கலந்த பால்மம், எளிதில் கழுவத்தக்கது. நீர் உள்ளதால் கிருமி வளராமல் தடுக்கும் பொருட்கள் பொதுவாக அதில் சேர்க்கப்படுகின்றன. மயிர் அடர்ந்த இடங்களுக்கு ஜெல் ஏற்றது.

இவற்றின் தோற்றம், அமிலத்தன்மை, பாகுநிலை, பரவும் தன்மை ஆகியவை சோதிக்கப்படுகின்றன. குழாயின் மேல், நடு, அடிப் பகுதிகளிலும் மருந்தின் அளவு சமமாக உள்ளதா என்பதும் பார்க்கப்படுகிறது. ஃபிரான்ஸ் கலம் என்ற கருவியில், ஒரு படலத்தின் மேல் பூசப்பட்ட மருந்து கீழேயுள்ள திரவத்துக்குள் கடக்கும் வேகம் 32 பாகை செல்சியஸில் அளக்கப்படுகிறது. இது தோலின் மேற்பரப்பு வெப்பநிலையை ஒத்தது. ஸ்டீராய்டு கிரீம்கள் இரத்த நாளங்களைச் சுருக்கித் தோலை வெளிறச் செய்யும். அந்த வெளிறலைக் கொண்டு அவற்றின் வலிமையை ஒப்பிடும் முறையை 1962-இல் மெக்கன்சியும் ஸ்டவ்டனும் விவரித்தனர்.

நிலைப்புத்தன்மை

காலாவதி நாள், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் நடைபெறும் ஆய்வுகளால் முடிவு செய்யப்படுகிறது. விரைவுபடுத்திய ஆய்வில் மருந்துகள் 40 பாகை செல்சியஸ், 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைக்கப்படுகின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கான நீண்டகால ஆய்வு 30 பாகை செல்சியஸ், 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் நடைபெறுகிறது.

பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை

இச்சோதனைகள் மாத்திரை முழு வடிவில், உரிய உறையில் இருக்கும்போது பொருந்துபவை. குடலுறையிட்ட மாத்திரையையோ மெதுவாக வெளிவிடும் மாத்திரையையோ பொடித்தால், உறையும் வெளிவிடும் வேகமும் குலைந்து, ஒரு நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேரக்கூடும். விழுங்க இயலாதவர்களுக்கு மாற்று வடிவம் உள்ளதா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்பது பாதுகாப்பானது. ஈரமான இடத்தில் மருந்தை வைப்பதும் அதன் ஆற்றலைக் குறைக்கக்கூடும்.